ரைவல்ரி வாரம் 2024: எட்டு ஆட்டம், எட்டு கணிப்பு (பணம் கிடையாது, மானம் மட்டும்)

கணக்குப்பிள்ளை | திங்கள், நவம்பர் 25, இரவு 9:10

வழக்கம்போல இழையைத் திறந்துவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு: இது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, தேங்காய் போல நீண்ட பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. நன்றி நவிலல் வாரக் கடைசியில் பரம எதிரிகள் மோதுவார்கள். நூறு வருடப் பகை எல்லாம் இருக்கிறது.

விதி பழையதுதான். ஜெயிப்பது யார் என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு கணிப்புக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு வையுங்கள், ஒரு எண் ஒரு தடவைதான். அடித்துச் சொல்ல முடிகிற ஆட்டத்துக்கு 8, கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு 1. எல்லாம் சரியானால் 36. வெள்ளி மாலை 7 மணிக்குள் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஜார்ஜியா டெக் - ஜார்ஜியா ஆட்டம் அன்றிரவே.

மற்ற ஏழும் சனிக்கிழமை: மிச்சிகன் - ஒஹையோ ஸ்டேட், சவுத் கரோலினா - கிளெம்சன், ஆபர்ன் - அலபாமா, நோட்ர டேம் - யுஎஸ்சி, மயாமி - சிரக்யூஸ், பர்டூ - இந்தியானா, டெக்சஸ் - டெக்சஸ் ஏ அண்ட் எம்.

என்னுடையது: இந்தியானா 8, ஒஹையோ ஸ்டேட் 7, ஜார்ஜியா 6, மயாமி 5, அலபாமா 4, நோட்ர டேம் 3, டெக்சஸ் 2, கிளெம்சன் 1. இதில் என் மூளை ஒன்றும் இல்லை. வேகஸ் ஸ்பிரெட்டைப் பெரியதிலிருந்து சிறியதாக ஏறக்குறைய அப்படியே அடுக்கினேன், அவ்வளவுதான்.

பக்கைப்_பித்தன் | திங்கள், இரவு 9:42

ஒஹையோ ஸ்டேட்டுக்கு 7-ஆ? இருபது புள்ளி ஃபேவரிட் அய்யா. இரண்டு நாள் முன்னால் இந்தியானாவை 38-15 என்று உரித்துப் போட்டோம். மிச்சிகன் 6-5. அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன், உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் வந்த பையன். பையனைக் குறை சொல்லவில்லை, ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து ஆடுகிறவன், அவனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பந்து வீச வேண்டுமே.

ஒஹையோ ஸ்டேட் 8, இந்தியானா 7, ஜார்ஜியா 6, மயாமி 5, அலபாமா 4, நோட்ர டேம் 3, டெக்சஸ் 2, சவுத் கரோலினா 1.

ஆன்ஆர்பர்_பழசு | திங்கள், இரவு 10:05

மிச்சிகன் 8.

மற்றதெல்லாம் பொறுமையாக வெள்ளிக்கிழமை.

பக்கைப்_பித்தன் | திங்கள், இரவு 10:06

வந்துட்டாரய்யா.

புதுவரவு | செவ்வாய், நவம்பர் 26, காலை 8:20

அண்ணன்மார்களே, நான் ஆகஸ்டில்தான் எம்.எஸ். படிக்க வந்தேன். இதுவரை நேரில் பார்த்தது ஒரே ஆட்டம், அதிலும் பாதி நேரம் எப்போது கைதட்டுவது என்று பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரெட் என்றால் என்ன? இருபது புள்ளி ஃபேவரிட் என்றால் நிச்சயம் ஜெயிப்பார்கள் என்று அர்த்தமா?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 11:55

தம்பி, நல்ல கேள்வி, ஆபீசில் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு பதில் எழுதுகிறேன்.

ஸ்பிரெட் என்பது சந்தை சொல்லும் எதிர்பார்ப்பு. "ஒஹையோ ஸ்டேட் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும்" என்பது நடுவில் நிற்கும் எண். உண்மையான முடிவு அதற்கு மேலும் போகும், கீழும் போகும். எவ்வளவு போகும் என்பதுதான் விஷயம். கல்லூரி ஆட்டத்தில் இந்த ஊசலாட்டம், புள்ளியியல்காரர்கள் திட்ட விலக்கம் என்பார்களே, அது சுமார் 15, 16 புள்ளி. தொழில்முறை என்எஃப்எல் ஆட்டத்தில் 13 பக்கம். ஆக, மூன்று புள்ளி ஃபேவரிட் என்றால் பூவா தலையாவைவிடக் கொஞ்சம் தேவலை. இருபது புள்ளி என்றால் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஜெயிப்பார்கள். மீதி ஒன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த சீசனிலேயே வந்திருக்கிறது. செப்டம்பர் 7 அன்று நோட்ர டேம் தன் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. நான்கு டச் டவுன் (சுமார் 28 புள்ளி) வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொன்ன ஆட்டம் அது. அக்டோபரில் வாண்டர்பில்ட் அலபாமாவை 40-35 என்று சாய்த்தது. 2007-ல் ஸ்டான்ஃபோர்ட் யுஎஸ்சியை 24-23 என்று தோற்கடித்தபோது ஸ்பிரெட் 41.

கணிப்பது ஏன் கஷ்டம் என்றால், இந்த மேல் பிரிவில் மட்டும் 134 அணிகள். ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. ஐபிஎல்லில் பத்து அணிகள் பதினான்கு ஆட்டம் ஆடுகின்றன, யார் கை ஓங்கியது என்று தெரிந்துவிடும். இங்கே அவனை இவன் ஜெயித்தான், இவனை மற்றவன் ஜெயித்தான் என்று சங்கிலி பிடித்துப் போக வேண்டியிருக்கிறது.

சொந்த மைதானத்துக்கு இரண்டு முதல் மூன்று புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். எஸ்பி ப்ளஸ், எஃப்பிஐ போன்ற கணிப்பு முறைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்கின்றன.

புதுவரவு | செவ்வாய், பிற்பகல் 12:30

சொந்த மைதானம். புரிந்தது. நன்றி அண்ணா.

இரண்டு_கட்சி_வீடு | செவ்வாய், இரவு 8:15

ஹூஸ்டனிலிருந்து வணக்கம். நான் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலையில் படித்தவள், வீட்டுக்காரர் காலேஜ் ஸ்டேஷனில் ஏ அண்ட் எம் படித்த ஆகீ. 2011-க்கு அப்புறம் இந்த இரண்டு பேரும் மோதவே இல்லை, எங்கள் திருமணம் அதற்குப் பிறகு. பதின்மூன்று வருடமாக இந்த விஷயத்தில் சண்டை போடக் காரணமே இல்லாமல் நிம்மதியாக இருந்தோம். டெக்சஸ் இந்த வருடம் ஏ அண்ட் எம் ஆடும் எஸ்இசி லீகுக்கு வந்து அதையும் கெடுத்துவிட்டது. ஜெயிக்கிறவர் ஜார்ஜியாவுடன் இறுதி ஆட்டத்துக்குப் போவார். வெள்ளிக்கிழமை மிஞ்சும் வான்கோழியைச் சமாதானமாகச் சாப்பிடுவோம், சனிக்கிழமை தனித்தனி டிவி.

இந்தியானா 8, ஒஹையோ ஸ்டேட் 7, ஜார்ஜியா 6, டெக்சஸ் 5, அலபாமா 4, மயாமி 3, நோட்ர டேம் 2, சவுத் கரோலினா 1.

டெக்சஸுக்கு 5 போட்டதில் பாசம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போன சனிக்கிழமை ஆகீஸ் ஆபர்னிடம் நான்கு ஓவர்டைம் ஆடி 43-41 என்று தோற்றார்கள். கால் இன்னும் வலிக்கும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 8:50

அக்கா, அதே தர்க்கப்படி ஆபர்னுக்கும் கால் வலிக்க வேண்டுமே? அவர்களும் அதே நான்கு ஓவர்டைம் ஆடியவர்கள்தான்.

இரண்டு_கட்சி_வீடு | செவ்வாய், இரவு 8:52

ஜெயித்தவனுக்குக் கால் வலிக்காது.

பக்கைப்_பித்தன் | புதன், நவம்பர் 27, காலை 7:30

எனக்கு உறுத்துவது ஜார்ஜியாதான். ஜார்ஜியா டெக் இந்த மாதம் மயாமியைத் தோற்கடித்த அணி. ஜார்ஜியாவுக்கு எஸ்இசி இறுதி ஆட்ட இடம் ஏற்கெனவே கையில். மனசு அடுத்த வாரத்தில் இருக்கும். ஆனாலும் 6-ஐ மாற்றவில்லை, சோம்பேறித்தனம்.

ஆன்ஆர்பர்_பழசு | வியாழன், நவம்பர் 28, காலை 10:40

வீட்டில் எல்லோரும் சமையலறையில், என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். அதனால் விரிவாகவே எழுதலாம்.

எல்லோரும் என்னைக் கிறுக்கன் என்று நினைப்பது தெரியும். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒஹையோ ஸ்டேட்டின் ஆஃபென்சிவ் லைனில், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் வரிசையில், இப்போது யார் நிற்கிறார்கள்? இடது டாக்கிள் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபரில் ஆரிகன் ஆட்டத்தில் முழங்காலை இழந்தார். சென்டர் செத் மெக்லாஃப்லின் இரண்டு வாரம் முன்னால் பயிற்சியில் குதிகால் தசைநார் அறுந்து வெளியே. சுவரின் ஒரு மூலையும் போயிற்று, நடுக்கல்லும் போயிற்று.

இந்தியானா அந்த ஓட்டையைக் குத்திப் பார்க்கும் அளவுக்கு நடுவில் கனமான அணி இல்லை. நாங்கள் அப்படியா? எங்கள் தற்காப்பின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். இரண்டு பேரும் அடுத்த வருடம் என்எஃப்எல் தேர்வில் முதல் சுற்றிலேயே போகப் போகும் ஆட்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களால் பந்து வீச முடியாது என்பது உண்மை. வீசாமல் ஆடுவோம். ஆட்டம் மெதுவாகப் போகும், மொத்தமே இருபது முப்பது புள்ளிதான் வரும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் இருபது புள்ளி ஸ்பிரெட் என்பதே வேடிக்கை. ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பறிக்கும் பாஸ்), ஒரு தவறிய ஃபீல்ட் கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), கதை முடிந்தது.

அப்புறம் ஒஹையோ ஸ்டேட் கோச் ரயன் டேயின் தலைக்குள் என்ன ஓடும் என்று யோசியுங்கள். 2021, 2022, 2023, மூன்று வருடம் வரிசையாக எங்களிடம் தோற்றவர். "இவர்கள் எங்களைவிட முரடர்கள்" என்று மூன்று வருடம் கேட்டவர் என்ன செய்வார்? தன் அணியும் முரடு என்று காட்ட, நடுவில் முட்டி மோதப் பார்ப்பார். வெளியே பாஸ் பிடிக்க ஜெரமையா ஸ்மித் மாதிரி ஒரு பையனை வைத்துக்கொண்டு உள்ளே மோதுவது எங்களுக்குத்தான் வசதி.

மிச்சிகன் 8, இந்தியானா 7, ஜார்ஜியா 6, அலபாமா 5, நோட்ர டேம் 4, மயாமி 3, டெக்சஸ் 2, கிளெம்சன் 1.

பக்கைப்_பித்தன் | வியாழன், காலை 11:15

கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் பக்கம் தற்காப்பில் கார்னர் வில் ஜான்சன் இல்லை, பாஸ் பிடிக்கும் டைட் எண்ட் லவ்லண்டும் சந்தேகம், அதை ஏன் சொல்லவில்லை?

கணக்குப்பிள்ளை | வியாழன், பிற்பகல் 1:20

லைன் விஷயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். மெதுவான ஆட்டத்தில் அண்டர்டாக்குக்கு வாய்ப்பு கூடும் என்பதும் கணக்குப்படி சரி. அதற்காக எவ்வளவு கூட்டலாம்? பத்தில் ஒன்றை எட்டில் ஒன்று ஆக்கலாம், ஆறில் ஒன்று ஆக்கலாம். அப்போதும் ஒஹையோ ஸ்டேட்தான் ஃபேவரிட். "தோற்கவும் கூடும்" என்பதற்கும் "தோற்பார்கள், அதற்கு 8" என்பதற்கும் நடுவே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது, பழசு அண்ணன் அதைத் தாண்டிக் குதிக்கிறார்.

ஆன்ஆர்பர்_பழசு | வியாழன், பிற்பகல் 1:22

எனக்கு நீச்சல் தெரியும். சாப்பிடப் போகிறேன்.

புதுவரவு | வெள்ளி, நவம்பர் 29, மாலை 6:41

கடைசி நேரத்தில் வந்ததற்கு மன்னிக்கவும். சொந்த மைதானம் முக்கியம் என்று அண்ணன் சொன்னதால் எல்லா ஆட்டத்திலும் சொந்த மைதான அணியையே எடுத்தேன். பெரிய மைதானம் என்றால் சத்தம் அதிகம் இருக்கும் அல்லவா, அதனால் எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்த்து மதிப்பு வைத்தேன். ஒஹையோ ஸ்டேட் 1,02,780 இருக்கை, அதற்கு 8. ஏ அண்ட் எம் 47 இருக்கைதான் குறைவு, 7. அலபாமா 6, ஜார்ஜியா 5, கிளெம்சன் 4, யுஎஸ்சி 3, இந்தியானா 2, சிரக்யூஸ் 1.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, மாலை 6:44

நான் இரண்டு மூன்று புள்ளி என்றுதானே சொன்னேன்...

இரண்டு_கட்சி_வீடு | வெள்ளி, மாலை 6:50

பர்டூவை எதிர்த்து இந்தியானாவுக்கு 2. தம்பி, உன் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்கைப்_பித்தன் | சனி, நவம்பர் 30, அதிகாலை 12:25

யாராவது விழித்திருக்கிறீர்களா? ஜார்ஜியா 44, ஜார்ஜியா டெக் 42. எட்டு ஓவர்டைம். பாதி ஆட்டத்தில் டெக் 17-0 என்று முன்னால் இருந்தது. கடைசி இரண்டு நிமிடச் சொச்சத்தில் டெக் குவார்ட்டர்பேக் ஹேன்ஸ் கிங் கையிலிருந்து பந்து நழுவாமல் இருந்திருந்தால் நம் எல்லோர் மதிப்பும் போயிருக்கும்.

புதுவரவு | சனி, அதிகாலை 12:31

பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஓவர்டைமுக்கு அப்புறம் ஏன் இரண்டு இரண்டு புள்ளியாக மட்டும் ஏறியது?

கணக்குப்பிள்ளை | சனி, அதிகாலை 12:38

முதல் இரண்டு ஓவர்டைம் 25 யார்டிலிருந்து. மூன்றாவதிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு முயற்சி, மூன்று யார்டு தூரத்திலிருந்து இரண்டு புள்ளிக்கு. கிட்டத்தட்ட பெனால்டி ஷூட்அவுட். 2021-ல் இல்லினாயும் பென் ஸ்டேட்டும் இப்படி ஒன்பது வரை போனார்கள்.

இதைக் கவனியுங்கள்: நம் ஐந்து பேருக்கும் இந்த ஆட்டம் சரி. யாரும் இதில் சாமர்த்தியம் காட்டவில்லை. நழுவிய பந்து யார் கைக்குப் போகும் என்பது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். நாளைக்கு யாராவது மார்தட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

ஆன்ஆர்பர்_பழசு | சனி, பிற்பகல் 3:22

13 - 10

ஆன்ஆர்பர்_பழசு | சனி, பிற்பகல் 3:23

மன்னிக்கவும், கை நடுங்குகிறது. மிச்சிகன் 13, ஒஹையோ ஸ்டேட் 10. அவர்கள் ஊரான கொலம்பஸில். 45 வினாடி மிச்சம் இருக்கும்போது எங்கள் ஸ்வாடா 21 யார்டிலிருந்து ஃபீல்ட் கோல் உதைத்தார்.

இரண்டு_கட்சி_வீடு | சனி, பிற்பகல் 3:30

ஆட்டம் முடிந்து நடு மைதானத்தில் கொடி நட்டு, அடிதடி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே வரைக்கும் போய்விட்டது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்தேன், சேனலை மாற்ற வேண்டியிருந்தது.

பக்கைத் தம்பி எங்கே?

பக்கைப்_பித்தன் | சனி, மாலை 5:48

காரில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை.

மிச்சிகன் பந்து வீசி எடுத்தது மொத்தம் 62 யார்டு. அறுபத்திரண்டு! இரண்டு இன்டர்செப்ஷன் வேறு கொடுத்தார்கள். அப்படியும் தோற்றோம். நாங்கள் 26 தடவை ஓடி 77 யார்டு. பழசு அண்ணன் சொன்ன அதே நடுச்சுவரில் முட்டி முட்டி. இரண்டு ஃபீல்ட் கோல் தவறியது. ஜெரமையா ஸ்மித் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வயிற்றெரிச்சலை இன்னும் ஏற்றுவதற்கு, இப்போது டிவியில் மயாமிக்கு எதிராக சிரக்யூஸ் குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் பிரமாதமாக ஆடிக்கொண்டிருக்கிறான். போன வருடம் மிச்சிகனிடம் தோற்றபோது எங்கள் குவார்ட்டர்பேக். அவனால்தான் தோற்றோம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

புதுவரவு | சனி, இரவு 7:25

சிரக்யூஸ் 42, மயாமி 38!! 21-0 என்று பின்னால் இருந்து வந்தார்கள். என்னைத் தவிர யாரும் எடுக்கவில்லை!!

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 7:31

வாழ்த்துகள் தம்பி. அதற்கு நீ வைத்த மதிப்பு 1.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, டிசம்பர் 1, காலை 9:00

முடிவுகள். சவுத் கரோலினா 17, கிளெம்சன் 14. குவார்ட்டர்பேக் செல்லர்ஸ் கடைசி நிமிடங்களில் 20 யார்டு தானே ஓடி முடித்தார். அலபாமா 28-14. நோட்ர டேம் 49-35, கடைசிப் பகுதியில் இரண்டு பாஸைப் பறித்து மைதானம் முழுக்க ஓடினார்கள். இந்தியானா 66, பர்டூ 0, இதில் சொல்ல ஒன்றுமில்லை. டெக்சஸ் 17-7, அந்த ஏழும் ஆகீஸின் தற்காப்பு அணி பந்தைப் பறித்து ஓடி எடுத்தது, தாக்குதல் அணி எடுத்தது பூஜ்யம். அக்கா வீட்டு நிலவரம் தெரியவில்லை.

ஆன்ஆர்பர்_பழசு 32. இரண்டு_கட்சி_வீடு 26. நானும் பக்கையும் 23. புதுவரவு 14.

பழசு அண்ணனுக்கு வாழ்த்துகள். மனசாரச் சொல்கிறேன், வியாழக்கிழமை அவர் எழுதியது அப்படியே நடந்தது. ஆனாலும் அடுத்த தடவை இதே நிலைமையில் இதே ஆட்டம் வந்தால் நான் மறுபடியும் ஒஹையோ ஸ்டேட்டுக்கு 7 தான் வைப்பேன். முடிவு தப்பானதால் முடிவெடுத்த விதம் தப்பாகிவிடாது.

பக்கைப்_பித்தன் | ஞாயிறு, காலை 9:20

அது எப்படி? அவர் காரணத்தோடு சொன்னார், காரணம் பலித்தது. இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கினால் அப்புறம் ஆட்டத்தைப் பார்ப்பதற்கே அர்த்தம் இல்லை. சந்தைக்கும் லைன் அடிபட்டது தெரியும், சரி, ஆனால் எங்கள் கோச் பிடிவாதமாக நடுவில்தான் முட்டுவார் என்பது எந்தக் கணக்கில் ஏறும்? அது மனுஷனைப் படித்தால்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9:41

அப்படியானால் பழைய இழைகளைத் திறக்கிறேன். 2015-ல் இந்தப் போட்டியைத் தொடங்கினோம். பழசு அண்ணன் ஒவ்வொரு வருடமும் மிச்சிகனுக்கு ஆக அதிக மதிப்பு வைத்திருக்கிறார், ஒவ்வொரு வருடமும் இதே போல ஒரு நீண்ட விளக்கத்தோடு. 2015 முதல் 2019 வரை ஐந்தும் ஒஹையோ ஸ்டேட். 2020-ல் கோவிடால் ஆட்டமே இல்லை. 2021 முதல் நான்கும் மிச்சிகன். ஒன்பதுக்கு நான்கு.

2018 விளக்கம் இன்னும் அருமை. தற்காப்பு அணியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். அன்று ஒஹையோ ஸ்டேட் எடுத்தது 62 புள்ளி.

ஆன்ஆர்பர்_பழசு | ஞாயிறு, காலை 10:30

2018-ஐ எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 8 போட்டது திங்கள் இரவு. லைன் விவரத்தைப் படித்தது புதன்கிழமை. முதலில் மதிப்பு, பிறகு காரணம். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். நல்ல காரணம் கிடைக்காத வருடங்களிலும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும், 2016-ல் கிடைத்தது, இரண்டு ஓவர்டைம் வரைக்கும் வந்து தோற்றோம், அந்த நான்காவது டவுனில் பந்தை எங்கே வைத்தார்கள் என்பதைப் பற்றி நான் இன்னும் பேசத் தயார்.

ஆனால் பக்கை, நீ சொன்னதும் பாதி சரி. லைனைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது எனக்கு ஆசை இருந்ததால்தான். பிள்ளைவாளுக்கு ஆசை இல்லை, அதனால் எட்டு ஆட்டத்தையும் ஒரே மாதிரி அடுக்கினார். மயாமிக்கு 5 வைத்தாரே, அதற்கு எந்தப் பக்கம் யோசித்தார்?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 10:44

யோசிக்கவில்லை. அது நியாயமான அடி. அந்தத் தற்காப்பு அணி இந்த வருடம் முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது, பார்த்தும் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு_கட்சி_வீடு | ஞாயிறு, காலை 11:10

வீட்டில் நேற்றிரவு முதல் மௌன விரதம். காபி மட்டும் வருகிறது, பேச்சு வரவில்லை.

மயாமி தோற்றதால் கிளெம்சனுக்கு அடித்த யோகத்தைப் பார்த்தீர்களா? நண்பகல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் தோற்று முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தார்கள், சாயங்காலம் யாரோ சிரக்யூஸில் ஜெயித்ததால் தங்கள் ஏசிசி லீகின் இறுதி ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இதை எந்த முறையில் கணிப்பது?

ஒஹையோ ஸ்டேட்டும் வெளியே போகவில்லை. இந்த வருடம் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் பன்னிரண்டு அணி. பக்கைத் தம்பி, காரிலிருந்து இறங்கு.

பக்கைப்_பித்தன் | ஞாயிறு, காலை 11:25

பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே போவோம். இதற்கு வேண்டுமானால் 8 போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 12:15

அடுத்த வாரம் லீக் இறுதி ஆட்டங்கள் ஐந்து, மதிப்பு 1 முதல் 5. ஆரிகன் - பென் ஸ்டேட் இண்டியானாபொலிஸில், ஜார்ஜியா - டெக்சஸ் அட்லாண்டாவில், கிளெம்சன் - எஸ்எம்யூ ஷார்லட்டில், அரிசோனா ஸ்டேட் - அயோவா ஸ்டேட் ஆர்லிங்டனில். யுஎன்எல்வி - பாய்ஸி ஸ்டேட் மட்டும் பாய்ஸியிலேயே, வெள்ளி இரவு. மற்ற நான்கும் பொது மைதானம்.

பாய்ஸி 5, ஆரிகன் 4, டெக்சஸ் 3, எஸ்எம்யூ 2, அரிசோனா ஸ்டேட் 1. இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது யோசித்தேன், காரணங்களை இரவு போடுகிறேன்.

இரண்டு_கட்சி_வீடு | ஞாயிறு, பிற்பகல் 12:30

டெக்சஸ் 5. காரணம் கேட்காதீர்கள்.

புதுவரவு | ஞாயிறு, பிற்பகல் 12:52

அண்ணா, பாய்ஸிக்கு 5 போட்டுவிட்டேன். மீதி நான்கும் யாருடைய மைதானமும் இல்லை என்கிறீர்களே, அப்புறம் நான் எதை வைத்துப் போடுவது?